கூரையிலிருந்து விழாத நாய்

"சார், எங்க வீடு கூரை வீடுதான். பூனை ஏறும், சரி. நாய் எப்படி சார் கூரையில ஏறும்?"

மேலூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வரும் பையன் ஒருவன் கேட்ட கேள்வி இது. மதுரையில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் நான் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு ஆரம்பித்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. அன்றைக்கு வெளியே நல்ல மழை. ஜன்னலைச் சாத்திவிட்டு, சமயம் வாய்த்ததே என்று 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்று போர்டில் எழுதி, வழக்கமான கதையை எடுத்துவிட்டேன். பழைய இங்கிலாந்தில் எல்லாம் வைக்கோல் கூரை வீடுகள், குளிருக்கு நாயும் பூனையும் கூரைக்குள் புகுந்து படுத்துக்கொள்ளும், பெருமழை பெய்தால் வைக்கோல் வழுக்கி எல்லாம் தொப்புத் தொப்பென்று கீழே விழும், அதனால்தான் கொட்டுகிற மழையை அப்படிச் சொல்கிறார்கள். கதை முடியும்போது எப்போதும் ஒரு சிரிப்பு கிடைக்கும். அன்றைக்குக் கிடைத்தது இந்தக் கேள்வி. கிண்டலும் இல்லை. "மழை பெஞ்சா நாய் திண்ணையிலதான் சார் ஒதுங்கும், கூரைமேல ஏறி எதுக்கு நனையணும்?" என்று நிஜமான குழப்பத்தோடு கேட்டான்.

"அங்கே குளிர் ஜாஸ்திப்பா" என்று சமாளித்துவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டேன். ஆனால் ராத்திரி ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போது அந்த நாய் கூடவே வந்தது.

எனக்கு அந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். வகுப்பு தொடங்கிய புதிதில் ஒரு நண்பர் நாலு பக்கப் பிரிண்ட் அவுட் ஒன்று கொடுத்தார். ஒவ்வொரு ஆங்கில மரபுத்தொடருக்கும் ஒரு குட்டிக் கதை. அப்படியே ஜெராக்ஸ் எடுத்து, முக்கியமானதற்கெல்லாம் ஓரத்தில் குறி போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால்தான் தெரிந்தது, அதில் பாதிக்கு மேல் 1999இல் மின்னஞ்சலில் உலகம் சுற்றிய '1500களில் வாழ்க்கை' என்கிற ஒரு புளுகு மூட்டையிலிருந்து வந்தது. கூரை நாய் அதிலிருந்துதான். குழந்தையைக் குளித்த தண்ணீரோடு சேர்த்துக் கொட்டிவிடாதே என்கிற தொடருக்கு, ஒரே தொட்டித் தண்ணீரில் வீட்டுக்காரர் முதல் வரிசையாகக் குளித்து, கடைசியில் குழந்தை முறை வரும்போது தண்ணீர் கலங்கி ஆளே தெரியாது என்று ஒரு கதை, அதுவும் அதிலிருந்துதான். நிஜத்தில் அது இங்கிலீஷ்காரர்களுடையதே இல்லை, ஜெர்மன் பழமொழி. 1512இல் தாமஸ் முர்னர் என்பவருடைய நையாண்டி நூலில் இருக்கிறது. ஆங்கிலத்துக்கு அதைக் கொண்டுவந்தவர் தாமஸ் கார்லைல், 1849இல். நடுவில் முந்நூறு வருடத்துக்கு மேல் இங்கிலாந்துக் குழந்தைகள் யாரும் அதற்காகத் தொட்டியில் காணாமல் போகவில்லை.

'சேவ்டு பை த பெல்' கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் சவப்பெட்டியிலிருந்து ஒரு கயிறு, மேலே ஒரு மணி, இடுகாட்டில் காவலுக்கு ஒரு ஆள். குரலைத் தாழ்த்திச் சொன்னால் வகுப்பே மூச்சுப் பிடித்துக் கேட்கும். உண்மை என்ன? குத்துச்சண்டையில் சுற்று முடிந்ததும் அடிக்கிற மணி. அடி வாங்கி விழப்போகிறவன் மணி அடித்ததால் தப்பித்தான், அவ்வளவுதான். எவ்வளவு சப்பென்று இருக்கிறது பாருங்கள். நான் கற்றுக்கொண்ட முதல் பாடமே அதுதான், நிஜமான விளக்கம் பெரும்பாலும் சப்பென்றுதான் இருக்கும். கேட்டதும் அடுத்தவரிடம் சொல்லத் தோன்றினால் அங்கேயே நின்று யோசிக்க வேண்டும்.

நாய் பூனைக்கு வருகிறேன். 1650களிலேயே ரிச்சர்ட் புரோம் என்கிற நாடகக்காரர், நாயும் மரநாய் மாதிரி ஒரு பிராணியும் மழையாகப் பெய்யும் என்று எழுதியிருக்கிறார். 1710இல் ஜோனதன் ஸ்விஃப்ட் லண்டன் மழையைப் பற்றி ஒரு கவிதையில், சாக்கடை வெள்ளத்தில் செத்த பூனையும் மூழ்கிய நாய்க்குட்டியும் அடித்துக்கொண்டு வருவதை எழுதுகிறார். அவரே 1738இல் வெளியான ஒரு நூலில் இன்றைக்கு நாம் சொல்கிற அதே தொடரைப் பயன்படுத்துகிறார். ஏன் குறிப்பாக நாயும் பூனையும் என்பதில் அகராதிக்காரர்களுக்குள் முடிந்த முடிவு எதுவும் இல்லை. அவை கூரையிலிருந்து வழுக்கி விழுந்ததாக மட்டும் யாருடைய பழைய எழுத்திலும் இல்லை.

இந்தக் குட்டு உடைந்தும் எனக்கு உடனே புத்தி வந்துவிடவில்லை. அதற்கு ஒரு தூத்துக்குடி அண்ணாச்சி வரவேண்டியிருந்தது.

பேத்தியை வகுப்பில் விட்டுவிட்டு வெளி பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். சின்ன வயதில் தோணியில் கொழும்புக்குப் போய்வந்தவர், அப்புறம் சரக்குக் கப்பலில் சேர்ந்து போசனாக, அதாவது கப்பல் தளத்து ஆட்களுக்கு மேஸ்திரி மாதிரி இருந்து, ஓய்வு பெற்று மதுரையில் மகள் வீட்டில் இருந்தார். ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். "சார், தப்பா நெனைக்கப்படாது. 'த்ரீ ஷீட்ஸ் டு த விண்ட்'னு பேத்திக்குச் சொல்லிக்குடுத்திருக்கீங்க. ஷீட்டுன்னா பாய்னு சொன்னீங்களாம். ஷீட்டுன்னா கயிறு சார்."

நான் போர்டில் மூன்று பாய்மரம் போட்டு மூன்று பாயும் காற்றில் படபடப்பதாகப் படமே வரைந்திருந்தேன். அவர் என் கையிலிருந்து மார்க்கரை வாங்கி, ஒரு பாயை வரைந்து, அதன் கீழ் மூலையிலிருந்து தளம்வரைக்கும் ஒரு கோடு இழுத்தார். "இதுதான் ஷீட்டு. எங்க ஆளுங்க தாமான்னு சொல்லுவோம். பாய் எவ்வளவு காத்து வாங்கணும்னு இதை இழுத்தும் விட்டும்தான் தீர்மானிக்கிறது. இது கையை விட்டுப் போச்சுன்னா பாய் சும்மா அடிச்சுக்கும், தோணி நிலை இல்லாம ஆடும். ஒண்ணு போனாலே ஆட்டம். மூணும் போச்சுன்னா?" என்று எழுந்து நின்று, ரெண்டு அடி தள்ளாடிக் காட்டினார். நன்றாகக் குடித்தவன் நடை, தொடரின் அர்த்தமும் அதுதான். வகுப்பில் மிச்சமிருந்த நாலு பேரும் கைதட்டினார்கள். மரபுத்தொடரை நான் அத்தனை வருடம் நடத்தியதில், ஒரு தொடரின் உள்ளே இருக்கும் காட்சி கண்முன்னால் நின்றது அன்றைக்குத்தான்.

'பை அண்ட் லார்ஜ்' என்று தினமும் பத்துத் தடவை சொல்கிறோமே, பொதுவாகப் பார்த்தால் என்ற அர்த்தத்தில், அதையும் அவர்தான் விளக்கினார். 'பை' என்றால் காற்று வரும் திசையை ஒட்டிக் கப்பலை முடிந்தமட்டும் திருப்பி ஓட்டுவது, 'லார்ஜ்' என்றால் காற்று பின்பக்கத்திலிருந்து தள்ள ஓட்டுவது. ரெண்டு விதத்திலும் நன்றாக ஓடுகிற கப்பல் என்றால் எந்தக் காற்றுக்கும் தேறும் கப்பல், அதிலிருந்துதான் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் என்ற அர்த்தம். 'டேக்கன் அபேக்' என்று திகைத்துப் போவதைச் சொல்கிறோமே, அதுவும் கடல்தான்: காற்று திடீரென்று மாறிப் பாயை முன்பக்கத்திலிருந்து மரத்தோடு சேர்த்து அழுத்தினால், ஓடிக்கொண்டிருந்த கப்பல் அப்படியே திக்கென்று நின்றுவிடும்.

அண்ணாச்சியைக் கடவுளாக்கிவிடக் கூடாது என்பதற்காக இதையும் சொல்ல வேண்டும். அதே சூட்டில், பணக்காரப் பகட்டைச் சொல்லும் 'போஷ்' என்ற சொல்லுக்கும் ஒரு கதை சொன்னார்: இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலில் வரும் பணக்காரர்கள் வெயில் படாத பக்கத்து அறை கேட்பார்களாம், வரும்போது இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம், 'போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்' என்ற அந்த நாலு ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளை டிக்கெட்டில் அச்சடிப்பார்களாம். கப்பலிலேயே முப்பது வருடம் இருந்தவர் சொன்னால் நம்பாமல் இருக்க முடியுமா? நம்பினேன். ஆனால் அப்படி அச்சடித்த ஒரு டிக்கெட்கூட இதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை. முதல் எழுத்துகளைக் கோத்து ஒரு சொல் பிறந்தது என்று யாராவது 20ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய சொல் எதற்காவது சொன்னால், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது கட்டுக்கதை என்று வைத்துக்கொள்ளலாம், அந்தக் காலத்தில் அப்படிச் சொல் உண்டாக்கும் வழக்கம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. எல்லாவற்றையும் கப்பலோடு முடிச்சுப் போடும் ஆசை ஆங்கிலேயர்களுக்கே அதிகம். சொல்லாராய்ச்சிக்காரர்கள் அதைக் கேலி செய்ய, எதற்கும் கடல்வழி மூலம் கற்பிக்கும் கமிட்டி என்று ஒன்று இருப்பதாகவும், அதன் சுருக்கப் பெயர் 'கனூ', அதாவது சிறு படகு, என்றும் சொல்வார்கள்.

அதற்குப் பிறகுதான் சரிபார்க்கும் பழக்கம் வந்தது. பெரிய ஆராய்ச்சி எல்லாம் இல்லை. முதலில் கேட்க வேண்டிய கேள்வி வருடம். தொடர் எப்போது முதலில் எழுத்தில் வருகிறது, கதை எப்போது நடந்ததாகச் சொல்கிறார்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதிக் கதைகள் செத்துவிடும்.

எனக்கே நடந்த உதாரணம் 'கறி ஃபேவர்'. ஒருவரைக் குளிப்பாட்டிக் காரியம் சாதிப்பது. கேட்டரிங் படிக்கிற பெண் ஒருத்தி, "துரைமாருக்கு நம்ம ஆளுங்க கறிக்குழம்பு வச்சுக் குடுத்து வேலை வாங்கினதாலதானே சார்?" என்று கேட்க, கறி என்ற தமிழ்ச் சொல் ஆங்கிலத்துக்குப் போனது ஊரறிந்த விஷயம்தானே என்று நானும் ஆமாம் போட்டு, அதன் பிறகு ரெண்டு பேட்ச்சுக்கு அதைப் பெருமையாக வேறு சொன்னேன். கிழக்கிந்தியக் கம்பெனி ஆரம்பித்ததே 1600இல். இந்தத் தொடரோ இன்றைய வடிவத்திலேயே 1500களின் தொடக்கத்தில் வந்துவிட்டது, அதற்கு முந்தைய வடிவம் இன்னும் பழசு. கறிக்குழம்பு போய்ச் சேரும் முன்பே காரியம் சாதித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

உண்மைக் கதை குதிரையைப் பற்றியது. 1310களில் பிரான்ஸில் ஃபோவெல் என்றொரு குதிரையை நாயகனாக வைத்து ஒரு நீண்ட நையாண்டிக் கவிதை எழுதினார்கள். குதிரை அரண்மனைக்குள் புகுந்து அதிகாரத்துக்கு வந்துவிடுகிறது, ராஜா, பாதிரி, பிரபு என்று பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் வரிசையில் நின்று அதன் உடம்பைத் தேய்த்துவிடுகிறார்கள். முகஸ்துதி, பேராசை, கயமை, நிலையின்மை, பொறாமை, கோழைத்தனம் ஆகியவற்றுக்கான பிரெஞ்சுச் சொற்களின் முதல் எழுத்துகள்தான் அதன் பெயர். (இப்போதுதானே முதல் எழுத்துக் கதைகளை நம்பாதே என்றேன், இது அந்த நூறில் ஒன்று, கவிஞரே நூலுக்குள் சொல்லிவிடுகிறார்.) குதிரையை இரும்புச் சீப்பால் தேய்ப்பதற்குப் பழைய பிரெஞ்சிலிருந்து வந்த ஆங்கில வினைச்சொல் 'கறி', நம் கறிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. 'கறி ஃபேவெல்', அதாவது ஃபோவெலைத் தேய்த்துவிடு, என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குதிரையை ஜனங்கள் மறந்தார்கள், ஃபேவெல் என்றால் என்னவென்று தெரியாமல், காதுக்குப் பழகிய 'ஃபேவர்' என்று மாற்றிக்கொண்டார்கள். நாம் காலையும் கையையும் பிடிப்பதுதான் 'காக்கா பிடிப்பது' ஆயிற்று என்று சொல்கிறோமே, அதே மாதிரி சமாச்சாரம். அது உண்மையா என்பதையும் இப்போதெல்லாம் நான் சந்தேகத்தோடுதான் சொல்கிறேன்.

பெருவிரல் விதிக்கும் இதே வருடக் கணக்கு உதவும். 'ரூல் ஆஃப் தம்ப்' என்பது பெருவிரல் தடிமனுக்கு மேற்படாத குச்சியால் மனைவியை அடிக்கலாம் என்ற ஆங்கிலச் சட்டத்திலிருந்து வந்தது என்று சொல்வார்கள். அப்படி ஒரு சட்டம் இருந்ததே இல்லை. 1782இல் ஃபிரான்சிஸ் புல்லர் என்கிற நீதிபதி அப்படிச் சொன்னதாக ஊரில் பேச்சு கிளம்பி, கேலிச்சித்திரக்காரர்கள் அவரை 'ஜட்ஜ் தம்ப்' என்று கிழித்தார்கள், அதுவரை உண்மை. ஆனால் தொடர் அதற்குக் கிட்டத்தட்ட நூறு வருடத்துக்கு முன்பே இருக்கிறது, வெறும் கையளவு, அனுபவக் கணக்கு என்ற அர்த்தத்தில். முழம் போட்டுப் பூ வாங்குகிற ஊரில் இதை விளக்க எனக்குக் குச்சி எதற்கு?

வருடம் மட்டும் போதாது என்பதை வெண்ணெய் கற்றுக்கொடுத்தது. 'பட்டர் அப்' என்று ஐஸ் வைப்பதைச் சொல்கிறார்கள். பழங்கால இந்தியாவில் வெண்ணெய் உருண்டையைச் சாமி சிலைமீது எறிந்து வரம் கேட்பார்கள், அதிலிருந்து வந்தது என்று இணையத்தில் எக்கச்சக்கமான பக்கங்களில் இருக்கிறது. மதுரைக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? மீனாட்சி அம்மன் கோயில் கம்பத்தடி மண்டபத்தில் காளி சிலைமீது வெண்ணெய் உருண்டை எறிவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன், நானும் எறிந்திருக்கிறேன், குறி தப்பிப் பக்கத்தில் நின்ற மாமி புடவையில் பட்டு வாங்கிக் கட்டிக்கொண்டும் இருக்கிறேன். ஆனால் ஒரு நிமிடம் யோசித்தால், நாம் எறிவது சிவனோடு ஆடித் தோற்ற காளியின் உக்கிரம் தணிய, முகஸ்துதிக்கு இல்லை. அதை எந்த வெள்ளைக்காரன் பார்த்து, எந்தப் புத்தகத்தில் எழுதி, எப்படி லண்டன் பேச்சுக்குப் போனது என்பதற்கு நடுவில் ஒரு கண்ணிகூட இல்லை. முகஸ்துதியை வெண்ணெய் தடவுவதாகச் சொல்வது 1700களிலேயே ஆங்கிலத்தில் இருக்கிறது, தினமும் ரொட்டியில் வெண்ணெய் தடவுகிறவர்களுக்கு அது தோன்ற மதுரைக்கு வரவேண்டிய அவசியம் என்ன? கோயிலில் எறிவதும் உண்மை, ஆங்கிலத் தொடரும் உண்மை, ரெண்டையும் கட்டிய கயிறுதான் பொய்.

பெரிய படிப்பாளிகளும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் புகுந்த இந்தியச் சொற்களுக்கு 1886இல் வந்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' என்ற அகராதியைத் தொகுத்த இருவரில் ஒருவர் பர்னெல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணியும் ஆங்கிலத்துக்குப் போன வழியை அதில் அழகாகப் பார்க்கலாம். அதே புத்தகம், ஒரு 'டேம்'கூடக் கவலை இல்லை என்ற ஆங்கில வசவு, 'தாம்' என்ற சல்லிக்காசு நாணயத்திலிருந்து வந்திருக்கலாம் என்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி அதை ஏற்கவில்லை, அது வெறும் சாபச் சொல்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் பழைய மேற்கோள்களை வருடத்தோடு அடுக்கித் தரும் ஆக்ஸ்ஃபோர்டுதான் இதற்கெல்லாம் பெரிய கோர்ட், ஆனால் சந்தா கட்ட வேண்டும். நான் அவசரத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் எட்டிமான்லைன் என்ற சொல்மூல இணையதளத்தைப் பார்ப்பேன், திருப்தி இல்லையென்றால் கூகுள் புக்ஸில் தொடரை மேற்கோள் குறிக்குள் போட்டு, வருடத்தைப் பின்னுக்குத் தள்ளித் தேடுவேன். பத்து நிமிட வேலை.

சில சமயம் உண்மை, கட்டுக்கதையைவிட ருசியாகவும் இருக்கும். திசை திருப்புவதற்கு 'ரெட் ஹெரிங்' என்கிறார்களே, அது உப்புப் போட்டுப் புகை காட்டியதில் சிவந்துபோன மீன், நம் கணக்கில் கருவாட்டுக்குச் சித்தப்பா மகன். தப்பியோடும் திருடர்கள் மோப்ப நாயை ஏமாற்ற வழியில் அதை இழுத்துக்கொண்டு போவார்கள் என்று என் பிரிண்ட் அவுட் சொன்னது. நடந்தது வேறு. 1807இல் வில்லியம் காபெட் என்கிற பத்திரிகைக்காரர், நெப்போலியன் தோற்றுவிட்டான் என்று தப்புச் செய்தி போட்டு உள்நாட்டு விஷயங்களிலிருந்து ஜனங்களின் கவனத்தைத் திருப்பிய மற்றப் பத்திரிகைகளைத் திட்டுகிறார். அதற்காக, சின்ன வயதில் தான் ஒரு கருவாட்டை இழுத்து முயல் வேட்டை நாய்களைத் திசை திருப்பியதாக ஒரு கதை சொல்கிறார். அது அவர் சொந்தமாக விட்ட சரடாகத்தான் இருக்கும் என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள். ஆக, தொடரைப் பிறப்பித்ததே ஒரு கட்டுக்கதை!

சரி, மூலம் தெரிந்துவிட்டால் போதுமா என்றால், போதாது என்பதை ஒரு லீவ் லெட்டர் முகத்தில் அறைந்த மாதிரி சொன்னது. 'கிக் த பக்கெட்' என்றால் இறந்துபோவது என்று எழுதிப் போட்டிருந்தேன். 1785இலேயே ஃபிரான்சிஸ் குரோஸ் என்பவரின் கொச்சைச்சொல் அகராதியில் இருக்கிற தொடர். பன்றியை அறுக்கத் தலைகீழாகத் தொங்கவிடும் உத்தரத்துக்கு இங்கிலாந்தின் சில பகுதிகளில் பக்கெட் என்று பெயர், உயிர் போகும்போது கால் அதில் உதைக்கும், இதுவரை சொன்னதில் நம்பத்தக்க விளக்கம் அது. இதை எல்லாம் கேட்டுவிட்டுப் போன பையன், ஒரு பன்னாட்டுக் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவன், தாத்தா இறந்ததற்கு மேலதிகாரிக்கு எழுதியிருக்கிறான்: என் தாத்தா பக்கெட்டை உதைத்துவிட்டார், தயவுசெய்து ரெண்டு நாள் விடுப்பு தரவும். அந்த அம்மா நல்ல மனுஷி, விடுப்பும் கொடுத்து, தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியும் இருக்கிறார். அவன் நேரே என்னிடம் வந்தான். கோபப்படவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. "நீங்க அர்த்தம் சாவுன்னுதானே சார் சொன்னீங்க?" என்றான்.

அன்றைக்கு அவனிடம் தமிழில் கேட்டேன், "எங்க தாத்தா மண்டையைப் போட்டுட்டாருன்னு ஆபீசுல எழுதுவியா?" சட்டென்று புரிந்தது. காலமானார், தவறிவிட்டார், இறைவனடி சேர்ந்தார், மண்டையைப் போட்டார், டிக்கெட் வாங்கிவிட்டார், எல்லாவற்றுக்கும் அகராதி அர்த்தம் ஒன்றுதான். எதை எழவு வீட்டில் சொல்லலாம், எதை டீக்கடையில் சொல்லலாம் என்பது நமக்கு யாரும் சொல்லித்தராமல் வந்துவிட்டது, ஆங்கிலத்தில் அது தனியாகப் படிக்க வேண்டிய பாடம், அதை நான் நடத்தவே இல்லை.

அப்போதிலிருந்து நோட்டில் அர்த்தத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி போடச் சொல்கிறேன்: யார், யாரிடம், எங்கே சொல்லிக் கேட்டாய்? கேட்டதில்லை என்றால் அதைப் புரிந்துகொள்ள மட்டும் வைத்துக்கொள், வாயில் எடுக்காதே. இருநூறு தொடர் புரிந்தால் போதும், சொல்ல இருபது போதும். அந்த இருபதையும் இருக்கிறபடியே சொல்ல வேண்டும். 'பிரேக் த ஐஸ்' என்பதை வளைக்கலாம், ஐஸ் உடைந்தது என்று திருப்பிச் சொன்னாலும் அர்த்தம் நிற்கும். பக்கெட் உதைக்கப்பட்டது என்று செயப்பாட்டுவினையில் போட்டால் வெறும் வாளிதான் மிஞ்சும். நாயை முன்னால் போட்டுப் பூனையைப் பின்னால் போட்டாலும் போச்சு. அதுபோக, நம் கைடு புத்தகங்கள் கட்டி அழும் 'கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' இன்றைக்கு இங்கிலாந்தில் பேச்சில் அபூர்வம், 'இட்ஸ் போரிங்', அதாவது மழை கொட்டுகிறது, என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

எந்தத் தொடரைப் படிப்பது என்பதும் போகிற இடத்தைப் பொறுத்தது. கிரிக்கெட் தொடர்கள் நம் பிள்ளைகளுக்குக் கதையே இல்லாமல் ஏறிவிடும், 'ஸ்டிக்கி விக்கெட்' என்றால் ஈரம் காயும் பிட்ச்சில் பந்து தாறுமாறாக எழும்பும் என்பது தெரிந்ததுதான். ஆனால் சென்னையில் அமெரிக்க கிளையண்டோடு பேசிய என் மாணவன் அதைச் சொன்னதும் எதிர்முனை மௌனமாகிவிட்டது. அங்கே எல்லாம் பேஸ்பால். பதிலுக்கு அவர் ஏதோ அழைப்பை மறுக்க 'ரெயின் செக்' என்று சொல்ல, இவன் போனில் வானிலை பார்த்திருக்கிறான். மழையால் ஆட்டம் நின்றுபோனால் அடுத்த ஆட்டத்துக்குக் கொடுத்த அனுமதிச் சீட்டு அது, இப்போது வேண்டாம், இன்னொரு நாள் பார்க்கலாம் என்று அர்த்தம்.

இன்னொரு மாணவி நர்ஸ், இங்கிலாந்தில் வேலை கிடைத்துப் போனவள், முதல் வாரமே வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். "சார், எண்பது வயசுப் பாட்டி, 'ஐ நீட் டு ஸ்பெண்ட் எ பென்னி'ங்கறாங்க. இங்க எல்லாம் ஃப்ரீ, காசு கட்ட வேண்டாம்னு நான் கையைப் பிடிச்சுச் சொல்றேன். அவங்க திரும்பத் திரும்ப அதையே சொல்றாங்க. கடைசில படுக்கையெல்லாம் நனைஞ்சுபோச்சு சார்." பாத்ரூம் போக வேண்டும் என்று அர்த்தம். 1851இல் லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த பெரிய கண்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்பவர் அமைத்த கழிவறைகளை ஒரு பென்னி கொடுத்து 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பயன்படுத்தினார்கள், அதன் பிறகும் ரொம்ப நாளைக்குப் பொதுக் கழிவறைக் கதவுப் பூட்டில் ஒரு பென்னி போட்டால்தான் திறக்கும். தொடர் எழுத்தில் வருவது என்னவோ 20ஆம் நூற்றாண்டில்தான். அவள் போவதற்கு முன் நான் நடத்தியதெல்லாம் வெள்ளை யானையும் முதலைக் கண்ணீரும். அவளுக்குத் தேவைப்பட்டது உடம்பு சரியில்லை என்பதற்கு 'அண்டர் த வெதர்', 'ஆஃப் கலர்', தேறி வருவதற்கு 'ஆன் த மெண்ட்', கை கால் மரத்துச் சுருக் சுருக்கென்று குத்துவதற்கு 'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்', தொண்டை கட்டினால் 'ஃப்ராக் இன் மை த்ரோட்'. இப்போது வெளிநாடு போகிற நர்ஸ்களுக்கு அவள் அனுப்பித் தந்த பட்டியலைத்தான் முதலில் நடத்துகிறேன், பென்னியில் ஆரம்பித்து.

தமிழிலும் இந்த வியாதி இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை. 'சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்' என்று நம் பாட்டிமார் குழம்பைக் கிண்டிக்கொண்டே சொன்னதை, 'சஷ்டியில் விரதம் இருந்தால்தான் அகப்பையில் பிள்ளை வரும்' என்று திருத்தி வாரம் ஒருவர் அனுப்புகிறார். கழுதையையும் கற்பூரத்தையும்கூட விட்டுவைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் தலைப்பு ஒன்றுதான், 'பழமொழியின் உண்மையான அர்த்தம் தெரியுமா?' முன்பெல்லாம் சண்டை போடுவேன், எந்தப் பழைய நூலில் அப்படி இருக்கிறது, காட்டுங்கள் என்று கேட்பேன். குரூப்பில் ஒரு கும்பிடு பொம்மை வரும், அவ்வளவுதான்.

போன மாதம் எங்கள் சொந்தக்காரர் குரூப்பில் சித்தப்பா ஒரு படம் அனுப்பியிருந்தார். 'ஆங்கிலப் பழமொழிகளின் அரிய வரலாறு, பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.' மேலே பலமுறை பகிரப்பட்டது என்று ரெண்டு அம்புக்குறி. பழுப்பேறிய ஜெராக்ஸ் தாள் ஒன்றை யாரோ போனில் படம் பிடித்திருக்கிறார்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். வைக்கோல் கூரை, நாய், பூனை. ஓரத்தில் சிவப்பு மையில் ரெண்டு கோடு போட்டு 'முக்கியம்' என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து.